வசுமதிக்குப் பிறந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

உன் நாவலின் 112-ஆம் பக்கத்தில் ஒரு அம்மா இறந்துபோகிறாள். காலையில் எல்லோருக்கும் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறவள், போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்துகிறவள். யாரைப் பார்த்து எழுதினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. அவள் செத்ததிலும் எனக்கு வருத்தமில்லை. சாவதற்கு முன்னால் சிரிக்கும்படி ஒரு வரியாவது அவளைப் பேச விட்டிருக்கலாம். நகைச்சுவை நாவல் என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, அம்மாவை வாய் திறக்காமல் அனுப்பி வைப்பது அநியாயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தடவை படித்தேன். ஒரே ஆள் மூன்று பெண்களையும் ஏமாற்றியிருக்கிறான். மூவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, கூட்டுச் சேர்ந்து, இல்லாத ஒரு பெண்ணை இணையத்தில் உருவாக்கி, அவனை அவள் பின்னால் அலைய விட்டு, கடைசியில் தெருவில் நிறுத்துகிறார்கள். முதல் எழுபது பக்கம் சத்தமாகவே சிரித்தேன். அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூவருக்கும் ஒரே கவிதையை அனுப்பிவிட்டு, ஒருத்திக்கு மட்டும் பெயரை மாற்ற மறந்துவிடுகிறானே, அந்த இடம் பிரமாதம். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பாரேன், ஏன் நின்றது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் தெரிந்தது. உன் மூன்று பெண்களும் ஒரு தப்பும் செய்வதில்லை. போடுகிற திட்டமெல்லாம் போட்டபடியே பலிக்கிறது. அவன் மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறான். ஒருவனே எத்தனை முறைதான் வழுக்கி விழுவான்?

உன் கதைக்கு ஒரு கொள்ளுப்பாட்டி இருக்கிறாள். ஷேக்ஸ்பியரின் ‘மெரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்ஸர்’, 1602-ல் அச்சானது. ஃபால்ஸ்டாஃப் என்கிற தொப்பைக்காரன் பணத்துக்கு ஆசைப்பட்டு, கல்யாணமான இரண்டு பெண்களுக்கு ஒரே காதல் கடிதத்தை அனுப்புகிறான். பெயர் மட்டும்தான் வேறு. இருவரும் சிநேகிதிகள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அவர்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் ஆசை காட்டி வரவழைத்து, அழுக்குத்துணிக் கூடைக்குள் திணித்து, தேம்ஸ் ஆற்றில் கொட்டச் செய்கிறார்கள். அடுத்த முறை கிழவி வேஷம் போட வைத்து அடி வாங்கித் தருகிறார்கள். இதுவரை உன் கதையும் இதுதான்.

ஆனாலும் பாரேன், எனக்குப் பிடித்த சிரிப்பு அந்தக் கூடையில் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியின் கணவன் ஃபோர்டு, சந்தேகப் பேர்வழி. அவன் ப்ரூக் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஃபால்ஸ்டாஃபிடம் போய், ஃபோர்டின் மனைவியை மயக்கிக் காட்டு என்று பணம் கொடுக்கிறான். தன் மனைவியைத்தான்! “அவளோடு நேரமே குறித்தாகிவிட்டது” என்கிறான் தொப்பைக்காரன். கூடவே அந்தக் கணவன் ஒரு மடையன் என்று நாலு வசவும் வைகிறான். ப்ரூக்காக வந்து உட்கார்ந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டத்தான் வேண்டும். வேஷம் போட்டவனுக்கு எதிர்த்துப் பேச வாய் கிடையாது. இந்த ஒரு இடத்துக்கு இருபது கூடை ஈடாகாது.

பழிவாங்கிய பெண்களும் தப்பவில்லை. ஃபால்ஸ்டாஃபைப் பிடிக்க மாறுவேடக் கூத்து நடத்துகிற அதே இரவில், மற்றவள் வீட்டில், அம்மா பார்த்த மாப்பிள்ளை, அப்பா பார்த்த மாப்பிள்ளை இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டு, மகள் தனக்குப் பிடித்தவனோடு போய்விடுகிறாள். மகள்களைப் பற்றி ஷேக்ஸ்பியருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உன் கடைசி அத்தியாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வேலை போகிறது, வீடு போகிறது, கைவிலங்கு மாட்டுகிறார்கள். படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் அவனுக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டேன். நீ சிறுமியாக இருந்தபோது கீசகன் கதையைத் தினமும் கேட்பாயே, ஞாபகம் இருக்கிறதா? திரௌபதி வரச் சொன்னாள் என்று நம்பி, நன்றாக அலங்கரித்துக்கொண்டு, இருட்டு நடனசாலைக்குள் கீசகன் நுழைவான். படுத்திருப்பது அவள்தான் என்று நினைத்துக் கொஞ்சுவான். அங்கே படுத்திருப்பது பீமன். “கையைத் தொட்டானா, தொட்டானா” என்று நீ குதிப்பாய். நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் பீமன் அவனை அடித்துக் கொன்று, கைகால் தெரியாமல் ஒரு சதை உருண்டையாகப் பிசைந்து போடுகிறான். அது வேறு ரசம். இருட்டில் கை பட்டு, “இது என்ன இவ்வளவு முரடாக இருக்கிறது” என்று அவன் யோசிக்கிற அந்த ஒரு கணம் வரைதான் சிரிப்பு. உன் நாவலுக்கும் அந்தக் கணம் இருக்கிறது. நீ அதைத் தாண்டி ஐம்பது பக்கம் நடந்துவிட்டாய்.

இன்னொன்று. கலித்தொகையில் கபிலர் பாட்டு, 65-ஆவது. இதை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுவார்கள். நள்ளிரவில் ஒரு பெண் காதலனுக்காக ஊர் அடங்கிய பிறகு போர்த்திக்கொண்டு நிற்கிறாள். அவன் வரவில்லை. ஊரைச் சுற்றுகிற ஒரு கிழவர் வருகிறார். இந்நேரத்தில் இங்கே நிற்கிற நீ யார் என்று ஆரம்பித்து, மெல்ல வழிகிறார். அவள் வாயைத் திறக்கவில்லை. பதில் வராமல் போனதும் அவருக்கு உதறல் எடுக்கிறது. இது பெண்ணா, பேயா? உடனே என்ன செய்கிறார் தெரியுமா? நானும் ஒரு பேய்தான், என்னைத் தொந்தரவு செய்தால் இந்த ஊரில் உனக்குக் கிடைக்கிற பலியை நான் பிடுங்கிக்கொள்வேன் என்று மிரட்டுகிறார்! ஆள் பயந்துவிட்டார் என்று கண்டுகொண்ட அவள் ஒரு கை மணலை அள்ளி அவர்மேல் வீச, ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறுகிறார். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால், இருட்டில், இரண்டு போலி முகங்கள். அவள் பேய் இல்லை, அவரும் பேய் இல்லை. இதில் நீ கவனிக்க வேண்டியது, ஜெயித்தவளும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகிறாள். காதலனைப் பார்க்க முடியவில்லை. புலிக்கு வைத்த வலையில் குறுநரி விழுந்த மாதிரி ஆயிற்று என்று தோழியிடம் நொந்துகொள்கிறாள். அந்த நொந்துகொள்ளல்தான் பாட்டின் உயிர்.

புலிக்கு வைத்த வலை என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். நாவலுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். அப்பாவிடம் காட்டாதே.

என் பழைய சிநேகிதி ஒருத்தி உண்டு. பெயர் எழுத மாட்டேன். நீ கல்லூரியில் சேர்ந்த அன்று உனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தாளே, அவள்தான். நாங்கள் இருவரும் படிக்கிற காலத்தில் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினோம். ஒரே நோட்டில், ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். 1986-ல் அது ஒரு பத்திரிகையில் வந்தது. அவள் பெயர் மட்டும் போட்டு. எனக்கு அவள் சொல்லவே இல்லை. நூலகத்தில் புரட்டும்போது நானே பார்த்தேன். குடை தொலைந்த நகைச்சுவை இருக்கிறதே, எங்கள் கதையிலேயே உச்சம், அது முழுக்க நான் எழுதியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. விசேஷங்களில் பார்த்தால் சிரிப்பேன். உள்ளே மட்டும் 28 வருடம் பொங்கிக்கொண்டிருந்தேன்.

2014-ல் நீ ஊரை விட்டுப் போனாய். போகும்போது எனக்கு ஃபேஸ்புக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாய். அடுத்த மாதமே வசுமதி பிறந்தாள்.

உன் கதையில் மூன்று பெண்களும் ஒரு மாடல் அழகியின் படத்தைத் திருடி வைக்கிறார்களே, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் படத்தை எடுத்து இணையத்தில் தேடினால் அவள் யாரென்று அரை நிமிடத்தில் வந்துவிடும். நேற்றுத் தொடங்கிய கணக்கில் ஐந்நூறு நண்பர்கள் வேறு! வசுமதிக்கு நான் வைத்த படம் ஒரு செம்பருத்திப் பூ. எங்கள் வயதில் பாதிப் பேருக்கு முகம் பூதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓய்வு பெற்ற கணக்காளர், கணவர் உண்டு, பேரன் இல்லை, முழங்கால் வலி உண்டு. பிறந்த நாள் கேட்டது, கைக்கு வந்த தேதியைப் போட்டேன். நவம்பர் 9. போலி ஆளுக்கு அழகு வேண்டாம், அலுப்பு வேண்டும். உன் பெண்களிடம் சொல்.

திட்டம் இதுதான்: வசுமதி ஒரு வாசகி. அந்தக் கதையைப் பத்திரிகையில் படித்து மனப்பாடமே செய்தவள். சிநேகிதியைப் புகழ்ந்து புகழ்ந்து, எல்லாம் நானே எழுதினேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்து, ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தை முகத்தில் வீசுவது. முதல் வாரம் அருமையாகப் போயிற்று. குடை நகைச்சுவை எப்படித் தோன்றியது என்று வசுமதி கேட்டாள். “அதுவா, குளிக்கும்போது தோன்றியது” என்று பதில் வந்தது. நான் போனை சோபாவில் விட்டெறிந்தேன். இரண்டாம் வாரம் சிநேகிதியே என் பேச்சை எடுத்தாள். “கூட ஒருத்தி எழுதினாள். நல்ல பெண். வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று மட்டும் தெரியாது. பாதிக்கு மேல் நான்தான் திருத்தினேன்.” அதைப் படித்துவிட்டு நான் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறாய்? “அடடா, அப்படியா! உங்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை!” என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்? வசுமதிக்கு அந்தப் பெண்ணைத் தெரியாதே. ஃபோர்டின் பல் எப்படி வலித்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் வலையில் நரி விழுந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டும் சபித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தால் உன் அப்பா என்ன நினைப்பார்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வசுமதி என்ற பெயரைப் படித்திருக்கிறார். நான் பேசுவது வசுமதியோடு என்று எடுத்துக்கொண்டு, அவள் யாரென்று வேவு பார்க்கக் கிளம்பிவிட்டார். நாலே நாளில் வசுமதிக்கு ஒரு நட்பழைப்பு வந்தது. பாஸ்கரன். படம்: சூரிய உதயம். முதல் செய்தி: “வணக்கம். தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது? இப்படிக்கு, பாஸ்கரன்.” அரட்டையில் ‘இப்படிக்கு’ போட்டுக் கையெழுத்து வைக்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு, அவர் அப்போது பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தார்.

நான் விட்டுவிடுவேனா? இரண்டு வாரம் வைத்து வாட்டினேன். தங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று பாஸ்கரன் நைசாகக் கேட்டார். “தங்கமானவர். ஆனால் குளியலறைக் குழாய் நாலு வருடமாக ஒழுகுகிறது, சொன்னால் காதில் விழாது” என்று எழுதினாள் வசுமதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் அப்பா ஸ்பேனரோடு குளியலறையில் நின்றார். உலகத்தில் எல்லா வீட்டிலும் ஒழுகும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். கதவுக் கீல், பரணில் இருந்த உடைந்த மின்விசிறி என்று வசுமதியின் வீட்டுக் குறைகள் ஒவ்வொன்றாக நம் வீட்டில் சரியாயின. அப்புறம் ஒரு நாள் பாஸ்கரனுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிற்று. “இதைக் கொஞ்சம் திறந்து கொடேன்” என்று போனை என்னிடமே நீட்டினார். நீட்டிய பிறகுதான் முகம் மாறியது. “நண்பர் ஒருவருடையது” என்றார். “பாவம் அந்த நண்பர்” என்றேன். பாஸ்கரன் அதோடு மறைந்தார். மின்விசிறி இன்னும் ஓடுகிறது.

சிநேகிதி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பழைய கேலிச்சித்திரம் உண்டு, 1993-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்தது. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற நாய், இணையத்தில் நீ நாய் என்று யாருக்கும் தெரியாது என்று கீழே இருக்கிற இன்னொரு நாயிடம் சொல்லும். எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நாய் அதை இன்னொரு நாயிடம் சொல்லிவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. ரகசியம் அப்போதே இரண்டு பேருக்குத் தெரிந்தாயிற்று. போகட்டும், முகம்தான் தெரியாது. குரைத்தால் தெரியுமே.

நான் குரைத்துக்கொண்டுதான் இருந்தேன். வசுமதிக்கு என்று தனி நடை வேண்டும் என்பதற்காக எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்கினேன். வடமொழிச் சொல்லை வலிந்து கலந்தேன். ஆனாலும் பாரேன், இந்த ‘ஆனாலும் பாரேன்’ இருக்கிறதே, இதை நான் ‘ஆனாலும் பாருங்களேன்’ என்று மரியாதையாக மாற்றிவிட்டு, வேஷம் கலையாது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இந்தக் கடிதத்திலேயே எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று நீ எண்ணிக்கொண்டிருப்பாய்.

மூன்றாம் மாதம் வசுமதிக்கு ஒரு படம் வந்தது. செய்தி ஒன்றும் இல்லை, படம் மட்டும். எங்கள் பழைய நோட்டின் ஒரு பக்கம், என் கையெழுத்து. அதில் ‘ஆனாலும் பாரேன்’ வருகிற இடமெல்லாம் சிவப்பு மையில் கோடு. பழைய கோடு, மை மங்கியிருந்தது. ஒரே பக்கத்தில் ஏழு.

உன் கதையில் குட்டை உடைக்க ஒரு ஹேக்கர் வருகிறான், கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு. எதற்கு அவன்? ஹாரி பாட்டர் எழுதிய அம்மா ஓர் ஆண் பெயரில் துப்பறியும் நாவல் எழுதியது 2013-ல் வெளியானபோது, அந்த நாவலின் சொற்களையும் அவர் முன்னால் எழுதிய நாவலின் சொற்களையும் கணினியில் எண்ணி ஒப்பிட்டார்கள். யாரும் கவனிக்காத சின்னச் சின்னச் சொற்கள்கூட அங்கே சாட்சி சொல்லின. அதற்கும் முன்னால் துப்புக் கிடைத்தது எப்படி? ஒரு வழக்கறிஞர் தன் மனைவியின் சிநேகிதியிடம் வாய்விட்டுவிட்டார். எவ்வளவு பெரிய ரகசியமும் யாரோ ஒருத்தியின் சிநேகிதி வரைக்கும்தான். இந்தச் செய்தியை நான் வந்த அன்றே படித்தவள். படித்துவிட்டுத்தான் அடுத்த வருடம் வசுமதியைப் பெற்றேன், என் புத்தி அப்படி.

இரண்டு நாள் பதில் போடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வசுமதி எழுதினாள்: “கையெழுத்து நன்றாக இருக்கிறது. யாருடையது?”

“உங்களைப் போல ஒருத்தி” என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: “பத்திரிகைக்கு அனுப்பிய தாளில் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்தது.”

28 வருடக் கோபத்துக்கு ஒரு சாண் கோடா காரணம்? நான் நம்பவில்லை. இரண்டு பெயரைச் சின்னதாக எழுதினால் ஒரு கோட்டில் கொள்ளாதா? ஆனால் வசுமதியால் அதைக் கேட்க முடியாது, அவளுக்கு அந்த விஷயமே தெரியாதே. “அப்படியா” என்று மட்டும் எழுதினாள். குளிக்கும்போது தோன்றிய குடையைப் பற்றிக் கேட்டதற்கு, “அது நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்ததும், உங்களைக் கொஞ்சம் கொதிக்க விடலாமே என்று தோன்றியது” என்றாள் சிநேகிதி. அதாவது முதல் வாரமே தெரிந்திருக்கிறது. எனக்கு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாது என்று இவள் சொன்னதும் வேண்டுமென்றே. மூன்று மாதம் நான் அவளுக்கு வலை விரித்தேன், அவள் அதில் ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கிறாள்.

நேரில் பார்க்கும்போது இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் பழைய மாதிரியே சிரிக்கிறோம், நலமா என்கிறோம், கிளம்பிவிடுகிறோம். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது என்னிடம் சொல்லவில்லை. வசுமதியிடம் சொன்னாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபோது, “உனக்கு யார் சொன்னார்கள்?” என்று கேட்டாள் பார், முகத்தில் ஒரு மாற்றம் இல்லாமல்! நடிகையாகப் போயிருக்க வேண்டியவள்.

அதனால் உன் மூன்று பெண்களுக்கும் கொஞ்சம் அடி கொடு. அந்த இல்லாத பெண்ணின் பெயரில் மூவரும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள் அல்லவா, அதில் ஒருத்தி மற்ற இருவருக்கும் தெரியாமல் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து அவனோடு பேசட்டும். இல்லாத பெண்ணிடம் அவன், இருக்கிற பெண்களைப் பற்றிப் புலம்பட்டும். மூவரும் அதைச் சேர்ந்து படிக்க வேண்டி வரட்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். வங்கியில் வேலை செய்கிறவள் பொருத்தமாக இருப்பாள், அவளுக்குக் கை நடுங்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். கைவிலங்கை எடுத்துவிடு. 112-ஆம் பக்கத்து அம்மாவை எழுப்பி உட்கார வை. காலை வணக்கம் அனுப்புகிற கிழவியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதை நீ இன்னும் பயன்படுத்தவே இல்லை.

நீளமாகிவிட்டது, நிறுத்துகிறேன். இன்று நவம்பர் 9. காலையிலேயே வசுமதிக்கு வாழ்த்து வந்திருக்கிறது, கூட ஒரு குடையின் படம். பதில் போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா